ஃப்ரூட் ஐஸ் டீ ஜக் வாங்கலாமா? தாராளமா வாங்கலாம், ஆனா அந்த நடுக்குழாய்ல பழத்த போடாதீங்க

ஒன்றரை லிட்டர் கண்ணாடி ஜக், மேல ஒரு மூடி, நடுவுல நீளமா ஒரு ஸ்டீல் வலைக்குழாய், கூடவே தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வைக்க ஒரு பிளாஸ்டிக் குழாய், இவ்வளவுதான் சமாச்சாரம். இதத்தான் ஃப்ரூட் ஐஸ் டீ மேக்கர்னு விக்கறாங்க. மேக்கர்னதும் கரண்ட்ல ஓடுற மெஷின்னு நெனச்சுக்காதீங்க, வெறும் ஜக்தான். பிராண்டு பேரு போடல, ஏன்னா இதே அச்சுல வேற வேற பேர்ல ஏகப்பட்டது வருது, மூடியோட கலர் மாறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாக்ஸ்ல இருக்கற படத்த பாத்திருப்பீங்க. குழாய் முழுக்க ஸ்ட்ராபெர்ரி துண்டு, எலுமிச்சை வட்டம், நாலு புதினா இலை, சுத்தி இருக்கற டீ தகதகன்னு தேன் கலர்ல மின்னும். அந்தப் படத்துல இருக்கற மாதிரியே செஞ்சா உங்களுக்கு கெடைக்கறது பழ டீ இல்ல, பழத்துக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்த டீ. வாசனை லேசா மூக்குக்கு வரும், நாக்குக்கு ஒன்னும் வராது. நெறைய பேரு இத வாங்கி ரெண்டு தடவ போட்டுட்டு "ஒன்னும் சரியில்ல"ன்னு அலமாரில தூக்கிப் போட்டுடறதுக்கு இதுதான் காரணம். ஜக் மேல தப்பில்ல, படத்து மேலதான் தப்பு.

முதல்ல ஜக்க பாத்துருவோம், அப்புறம் பழத்துக்கு வரேன்.

கண்ணாடி போரோசிலிகேட்னு பாக்ஸ்ல எழுதியிருக்கானு கண்டிப்பா பாருங்க. சாதாரண கண்ணாடி சூட்டுல விரியறதுல மூணுல ஒரு பங்குதான் இது விரியும், அதனாலதான் சுடு டீய ஊத்துனாலும் தாங்குது. ஆனா தாங்கும்னா எல்லாத்தயும் தாங்கும்னு இல்ல, ஃப்ரிட்ஜ்லேர்ந்து சில்லுனு எடுத்த கையோட கொதிக்கற தண்ணிய ஊத்துனா எந்த கண்ணாடியும் சத்தியம் பண்ணி குடுக்காது. என்னோடது கொஞ்சம் மெல்லிசு, சிங்க்ல குழாய்ல இடிச்சா போயிரும்னு பயந்து பயந்துதான் கழுவறேன். ஒன்றரை லிட்டர்ங்கறது விளிம்பு வரைக்கும் தளும்ப ஊத்துனா வர்ற கணக்கு, குழாய உள்ள எறக்கி, ஊத்தும்போது சிந்தாம இருக்க கொஞ்சம் இடம் விட்டா ஒன்னேகால் லிட்டர் கூட நிக்காது. நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர், அதோட காலி.

வலைக்குழாய் நல்லா இருக்கு, உண்மையாவே நல்லா இருக்கு. வலை ரொம்ப நைஸ், வெளிச்சத்துல புடிச்சு பாத்தா ஓட்டை கண்ணுக்கு தெரியறதே கஷ்டம், இலை டீ போட்டா ஒரு துணுக்கு கூட வெளிய வராது. தூள் டீ போட்டா மட்டும் அடியில மெல்லிசா ஒரு படலம் மாதிரி எறங்கும், கடைசி டம்ளர் கசக்கும், அதனால தூள தவிர்த்துடுங்க, இல்லன்னா டீ பேக்க அப்படியே குழாய்க்குள்ள போட்டுருங்க. குழாய்ல ஒரே ஒரு டிசைன் கோளாறு: அது ஜக்கோட அடி வரைக்கும் போகல, ரெண்டு விரல் அளவுக்கு மேலயே நின்னுடுது. முழு ஜக் போட்டா ஒன்னும் தெரியாது. ஒருத்தருக்கு மட்டும்னு கால் ஜக் போட்டீங்கன்னா தண்ணி இலைக்கு எட்டவே எட்டாது, காலைல எழுந்து பாத்தா கீழ வெறும் தண்ணி, மேல காஞ்ச இலை. வாங்கறதுக்கு முன்னாடி இத மட்டும் மூடிய தொறந்து பாத்துக்கோங்க.

இப்ப டீ. ரெண்டு வழி இருக்கு, ரெண்டுக்கும் இந்த ஜக் ஒத்து வருது.

ஒன்னு, பச்சைத் தண்ணில ஊற வைக்கறது, கோல்ட் ப்ரூன்னு சொல்றாங்களே அது. லிட்டருக்கு 8லேர்ந்து 10 கிராம் இலை, குழாய்ல போட்டு தண்ணி ஊத்தி மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு படுத்துட வேண்டியதுதான். கிரீன் டீன்னா 6 மணி நேரமே போதும், பிளாக் டீக்கு 8லேர்ந்து 12 மணி நேரம். கசப்பும் துவர்ப்பும் குடுக்கற சரக்கெல்லாம் குளுந்த தண்ணில மெதுவாத்தான் எறங்கும், வாசனையும் லேசான இனிப்பும் ஓரளவு எறங்கிடும், அதனால சர்க்கரை கம்மியா போட்டாலே குடிக்கற மாதிரி வருது. இதுல இன்னொரு லாபம், டீ தெளிவா இருக்கும். சூடா போட்ட ஸ்ட்ராங் டீய ஃப்ரிட்ஜ்ல வச்சா சில சமயம் சேறு கலந்த மாதிரி கலங்கிப் போயிருக்கும் பாத்திருப்பீங்க, கெட்டுப் போச்சுனு கொட்டிருப்பீங்க, அது கெட்டதில்ல, டீல இருக்கற கஃபீனும் துவர்ப்பு சத்தும் குளுந்தவுடனே ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு அப்படி தெரியுது. கொஞ்சம் சுடுதண்ணி விட்டு கலக்குனா தெளிஞ்சுரும். கோல்ட் ப்ரூல அந்த ரெண்டும் கம்மியா எறங்கறதால இந்த கலங்கல் பெருசா வராது.

இன்னொன்னு, சூடா போட்டு ஐஸ் மேல ஊத்தறது. விருந்தாளி வந்து உக்காந்துட்டாங்க, ராத்திரி ஊற வைக்கலன்னா இதான் வழி. இதுல எல்லாரும் கோட்ட விடற இடம் தண்ணி கணக்கு. அரை லிட்டர் டீ 80 டிகிரில இருக்குன்னு வைங்க, அத சில்லுனு 0 டிகிரி வரைக்கும் கொண்டு வரணும்னா கிட்டத்தட்ட அரை கிலோ ஐஸ் முழுசா கரையணும், கணக்கு அப்படித்தான் வருது, ஒரு கிராம் ஐஸ் கரைய 80 கலோரி சூடு வேணும். அதாவது போட்ட டீ டபுளா ஆயிடும். அதனால ஒரு லிட்டர் டீக்கு போடற இலைய அரை லிட்டர் தண்ணில போடுங்க, 4 நிமிஷம், மிஞ்சிப் போனா 5, இலைய எடுத்துட்டு அப்புறம் ஐஸ். ஸ்ட்ராங்கா வேணும்னு நேரத்த இழுத்தா ஸ்ட்ராங் வராது, கசப்புதான் வரும், இலைய கூட்டுங்க, நேரத்த கூட்டாதீங்க. கிரீன் டீக்கு கொதிக்கற தண்ணி ஆகாது, 75-80 டிகிரி போதும்.

கூட வர்ற அந்த பிளாஸ்டிக் ஐஸ் குழாய் இங்கதான் உதவும்னு நெனப்பீங்க. உதவாது. தண்ணி ஊத்தி உறைய வச்சு ஜக் நடுவுல சொருகுனா ஐஸ் உள்ளயே கரையும், டீ நீத்துப் போகாதுங்கறதுதான் ஐடியா. ஆனா அதுல புடிக்கறது ஒரு டம்ளர் தண்ணி, அத வச்சு ஒரு லிட்டர் சுடு டீய என்னத்த குளுர வைக்கறது? ஏற்கனவே ஃப்ரிட்ஜ்ல இருந்த டீய மேஜைல வச்சு ஒரு மணி நேரம் சில்லுனு வச்சிருக்க மட்டும் சரியா இருக்கு. 1904ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சில ரிச்சர்ட் பிளெச்சிண்டன்னு ஒருத்தர் வெயில்ல யாரும் சுடு டீ குடிக்க வரலன்னு ஐஸுக்குள்ள போட்ட குழாய் வழியா டீய ஓட விட்டு குடுத்தாரு, ஐஸ் டீ அப்பதான் பொறந்துச்சுனு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. பொறந்ததெல்லாம் அதுக்கு முன்னாடியே, 1879ல வந்த அமெரிக்க சமையல் புத்தகத்துலயே ஐஸ் டீ செய்முறை இருக்கு, அவரு கூட்டம் சேத்தாருன்னு வேணா சொல்லலாம். ஆனா அந்த குழாய் ஐடியா மட்டும் சரி, டீ ஓடிக்கிட்டே இருந்தா சீக்கிரம் குளுரும். நம்ம ஜக்ல டீ சும்மா நிக்குது, அதான் வேலைக்காகல.

சரி, பழம். எல்லாரும் கேக்கறது இதத்தான்.

பழத்தோட ருசி அதோட செல்லுக்குள்ள அடைஞ்சு கெடக்கு. கத்தில வெட்டுனா வெட்டுன இடத்துல இருக்கற செல் மட்டும்தான் உடையும், மீதியெல்லாம் மூடுன டப்பா மாதிரி அப்படியே இருக்கும், அதுவும் குளுந்த டீல போட்டா உள்ள இருக்கறது வெளிய வர ஒரு யுகம் ஆகும். ஸ்ட்ராபெர்ரி போட்டா கலர் மட்டும் சீக்கிரம் எறங்கிடும், பாக்க சிவப்பா இருக்கும், அதப் பாத்து ருசியும் எறங்கிடுச்சுனு ஏமாந்துருவோம். காலைல அந்த துண்ட எடுத்து தின்னு பாருங்க, வெளுத்துப் போய், ஆனா நடுவுல இன்னும் இனிப்பு பாக்கி இருக்கும். டீக்கு வர வேண்டியது அதுதான்.

அப்ப என்ன பண்ணனும்னா செல்ல உடைக்கணும். எனக்கு புடிச்ச வழி ஃப்ரீசர். பழத்த துண்டு போட்டு நல்லா கல்லு மாதிரி உறைய வச்சு, அப்புறம் ஒரு கிண்ணத்துல போட்டு ஃப்ரிட்ஜ்லயே வச்சு உருக விட்டீங்கன்னா தொளதொளன்னு ஆயிடும், உள்ள இருந்த தண்ணி ஐஸ் ஊசியா மாறி செல்லையெல்லாம் கிழிச்சு வச்சிருக்கும். அதுமேல சர்க்கரைய தூவுங்க, பழம் ரெண்டு பங்குன்னா சர்க்கரை ஒரு பங்கு, ஒரு ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல கெடக்கட்டும். சர்க்கரை மிச்ச சாறையும் வெளிய இழுத்துரும், கிண்ணத்துக்கு அடியில கெட்டியா, கலரா, வாசனையா ஒரு சிரப் நிக்கும், பழத்த கரண்டியால மசிச்சு வடிகட்டி அந்த சிரப்ப டீல ஊத்துங்க. ஒரு லிட்டருக்கு 200-250 கிராம் பழம். அடுப்பே வேணாம். கொதிக்க வச்சு சிரப் எடுக்கறவங்களும் இருக்காங்க, வேலை சீக்கிரம் முடியும், ஆனா பழத்துல இருக்கற பெக்டின், அதாவது ஜாம கெட்டியாக்கற பசை மாதிரி சத்து, கரைஞ்சு டீ கலங்கும், ருசியும் ஜாம் பக்கம் சாஞ்சுரும், எனக்கு அது புடிக்கல, புடிச்சவங்க பண்ணிக்கோங்க. இதுல இன்னொரு வசதி, தனியா சர்க்கரை போட்டு கலக்கற தலைவலி இல்ல, சில்லுனு இருக்கற டீல சர்க்கரை கரைய எவ்வளவு அடம் புடிக்கும்னு தெரியும்ல, அடியில போய் உக்காந்துக்கும்.

எந்த பழம்னா, என் கணக்குல முதல் இடம் பேஷன் ஃப்ரூட். புளிப்பு, வாசனை ரெண்டும் தூக்கலா இருக்கறதால ஸ்ட்ராங் பிளாக் டீயோட சண்டை போட்டு நிக்குது, ரெண்டு பழத்தோட உள் சதை ஒரு ஜக்குக்கு போதும், உறைய வைக்க கூட வேணாம், விதைய மட்டும் வடிகட்டிருங்க, இல்லன்னா மூடில இருக்கற ஊத்துற வாய் அடைச்சுக்கும். அடுத்து பீச், தோலோட ஊற வச்சா லேசா ரோஸ் கலர் வரும், சூடா போட்ட பிளாக் டீக்கு அமைஞ்ச ஜோடி. டப்பால வர்ற பீச்சோட சிரப்ப கூட அப்படியே ஊத்தலாம், வெட்கப்பட ஒன்னுமில்ல. ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி மாதிரி பெர்ரி வகைங்க கோல்ட் ப்ரூவோட நல்லா போகும், ஒரு மூடி எலுமிச்சை புழிஞ்சா கலர் இன்னும் பளிச்சுனு சிவக்கும். லிச்சி கிரீன் டீயோட மட்டும், பிளாக் டீல போட்டா அதோட பூ வாசனை எங்க போச்சுனே தெரியாது. மாம்பழம் ருசி அருமை, ஆனா கூழ் அடியில தங்கிரும், ஒவ்வொரு தடவ ஊத்தும்போதும் கலக்கணும், நார் இருக்கற பழம்னா ரெண்டு தடவ வடிகட்டணும். மாதுளைக்கு நல்லா பழுத்த முத்து வேணும், அதுக்கே துவர்ப்பு இருக்கு, டீ துவர்ப்போட சேந்தா வாய் இழுத்துக்கும். தர்பூசணி வேணாம்னுதான் சொல்வேன், அதுல பாதி தண்ணிதானேன்னு கூட இல்ல, பாதிக்கு மேல, நூத்துக்கு 90 பங்கு தண்ணி, டீ நீத்துப் போறதுதான் மிச்சம், சீக்கிரம் ஒரு மாதிரி வாடையும் வந்துரும். ஆப்பிள் கறுத்துப் போகும், ருசியும் தராது. வாழைப்பழம் போடலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, பதில் சொல்லாம சிரிச்சுட்டேன்.

எலுமிச்சை, ஆரஞ்ச பத்தி தனியா சொல்லணும், ஏன்னா பாக்ஸ் படத்துல இருக்கற வட்ட துண்டு அதுதான். இதுங்களோட வாசனை தோலோட மேல் பக்கத்துல இருக்கற எண்ணெய்ல இருக்கு, புளிப்பு சாறுல இருக்கு, நடுவுல இருக்கற வெள்ளைப் பட்டைல கசப்புதான் இருக்கு. வட்டமா வெட்டி ராத்திரி முழுக்க ஊற விட்டா மூணும் எறங்கும், கசப்பு முந்திக்கும். அதுக்கு பதிலா மேல் தோல மட்டும் மெல்லிசா சீவி ஊற விட்டுட்டு, சாற குடிக்கற நேரத்துல புழிஞ்சுக்கோங்க. எலுமிச்சை புழிஞ்சதும் டீ வெளிறிப் போறத பாத்து "டீ லைட்டாயிடுச்சே"ன்னு இன்னும் இலை போட ஓடாதீங்க, புளிப்பு பட்டா டீயோட நிறம் அப்படித்தான் மாறும், டீ எங்கயும் போகல.

ஆக, இந்த ஜக்ல குழாய் டீ இலைக்கு, பழம் சிரப்பா வெளிய தயாராகி உள்ள போகணும். ஃப்ரூட் இன்ஃப்யூசர்னு, அதாவது பழம் ஊற வைக்கற குழாய்னு பேரு வச்சதுல பழத்த போடாதீங்கன்னு சொல்றது வேடிக்கையாத்தான் இருக்கு, ஆனா டீ ஃபில்டர்னு பேரு வச்சிருந்தா இத விட நல்ல பொருள் கெடைக்காதுன்னு எழுதியிருப்பேன்.

இதெல்லாம் யாரு பண்றது, கடைல பவுடர் பாக்கெட் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. பாக்கெட்ட திருப்பி சேர்மானங்கள படிங்க, எடை அதிகமா இருக்கறதுலேர்ந்து வரிசையா போட்டிருப்பாங்க, பெரும்பாலும் முதல்ல சர்க்கரை, அப்புறம் சிட்ரிக் ஆசிட், டீ எக்ஸ்ட்ராக்ட் எங்கயோ பின்னாடி ஒளிஞ்சிருக்கும், பழம்ங்கறது பல பாக்கெட்ல படத்துல மட்டும். அவசரத்துக்கு குடிக்கலாம், நான் ஒன்னும் சொல்லல.

ரெண்டு விஷயத்துல கவனம் வேணும். இந்த ஜக்கோட வர்ற குறிப்பு சீட்டுல வெயில்ல வச்சு டீ போடலாம்னு ஒரு வரி போட்டிருக்கான், அத செய்யாதீங்க. வெயில்ல வச்ச தண்ணி 50 டிகிரி சொச்சத்த தாண்டாது, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமிங்க ஜாலியா பெருகும், இலைலயும் தண்ணிலயும் இருக்கறது சாகாம அப்படியே வளரும். ஒன்னு சூடா போடுங்க, இல்ல ஃப்ரிட்ஜ்ல போடுங்க, நடு வழி கெடையாது. பழம் கலந்த டீ வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது, ஃப்ரிட்ஜ்லயே இருந்தாலும் ரெண்டு நாளைக்குள்ள குடிச்சுருங்க, நூல் மாதிரி கொழகொழப்பு தெரிஞ்சா யோசிக்காம கொட்டிருங்க. இன்னொன்னு அளவு. ஜக் கண்ணு முன்னாடி இருந்தா தண்ணி மாதிரி குடிச்சுக்கிட்டே இருப்போம், 2015ல ஒரு மருத்துவ இதழ்ல வந்த கேஸ், 56 வயசு ஆளு தினமும் 16 டம்ளர் ஐஸ் டீ குடிச்சு, டீல இருக்கற ஆக்ஸலேட்ங்கற உப்பு கிட்னில படிஞ்சு டயாலிசிஸ் வரைக்கும் போயிட்டாரு. நாம யாரும் 16 டம்ளர் குடிக்கப் போறதில்ல, ஆனா கிட்னில கல்லு வந்தவங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறது நல்லது. குழந்தைங்களுக்கு கொடுக்கணும்னா டீ இலையே இல்லாத ஹைபிஸ்கஸ் (செம்பருத்தி வகைப் பூ) மாதிரி ஏதாவது போடுங்க, கொதிக்கற தண்ணில போட்டு ஆற வச்சு, அதே சிரப்ப கலந்தா போதும், கலரப் பாத்தே குடிச்சுருவாங்க.

கழுவறது சுலபம்னு சொல்ல மாட்டேன். வலைல டீ கறை பழுப்பா புடிச்சுக்கும், சோப்புக்கு போகாது, சோடா உப்ப சுடுதண்ணில கரைச்சு குழாய அதுல ஊற விட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா புதுசு மாதிரி ஆயிடும். இலைய ஈரமா இருக்கும்போதே தட்டிருங்க, காஞ்சா வலைல சிக்கிக்கிட்டு ஒவ்வொன்னா நோண்டணும். மூடில இருக்கற சிலிகோன் வாஷர்தான் பெரிய தொல்லை, பழ வாசனைய அப்படியே புடிச்சு வச்சுக்கும், பேஷன் ஃப்ரூட் போட்டதுக்கு அப்புறம் வெறும் தண்ணி வச்சாலும் அதே வாசனைதான். கழட்டி தனியா வெயில்ல காய வைக்கணும். காய வச்சுட்டு திருப்பி மாட்டும்போது மேல் பக்கம் எது கீழ் பக்கம் எதுன்னு பாத்து மாட்டுங்க, மாத்தி மாட்டுனா மூடி டைட்டா உக்காந்த மாதிரிதான் இருக்கும், ஜக்க சாச்சவுடனே டீ டம்ளருக்கு போகாம மேஜைக்கு போகும். கம்பெனிக்காரங்க ஒரு ஸ்பேர் வாஷர் கூட வைக்கல, தனியாவும் விக்கல, எழுதி கேட்டதுக்கு மூடியோட சேத்து புது ஜக் வாங்கிக்கோங்கன்னு பதில் வந்துச்சு.